வெளிர் தோலுக்கு எத்தனை விழுக்காடு? ஸ்ப்ரே டான் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அழகு நிலையங்களில் பணியாற்றும், அல்லது சொந்தமாக நிலையம் நடத்தும் தமிழ்க் கலைஞர்களை முன்னிட்டு இம்மடல் எழுதப்படுகிறது. புருவம் திருத்துவதோடும் வாக்ஸிங்கோடும் நின்றிருந்த பணியில், வெயிலில் காயாமலேயே உடலுக்குப் பழுப்பு நிறம் ஏற்றும் ஸ்ப்ரே டான் என்னும் தெளிப்பு முறையும் அந்நாடுகளில் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதில் கலைஞரின் தேர்ச்சியை மிகக் கடுமையாகச் சோதிப்பது, மிக வெளிர்ந்த தோலுடைய வாடிக்கையாளருக்கு எவ்வளவு வலிமையுள்ள கரைசலைத் தெளிப்பது என்னும் வினாவாகும். வாடிக்கையாளர் விரும்பும் நிறத்தை மட்டும் கேட்டறிந்து அதற்கேற்பக் கரைசலை எடுப்பது பிழையான வழக்கம் என்பதும், அவருடைய தோல் எவ்வளவு பழுப்பைத் தன்னுடையதாகக் காட்டக்கூடும் என்பதே முதலில் அறியப்பட வேண்டியது என்பதும், அவ்வாறு அறிந்து தேர்ந்தால் அலமாரியிலுள்ள மிக மென்மையான புட்டியே பெரும்பாலும் சரியான விடையாக அமையும் என்பதும் இம்மடலின் வாதம்.

கரைசலின் வலிமை என்று வணிகத்தில் சொல்லப்படுவது, அதில் கலந்துள்ள டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் என்னும் பொருளின் விழுக்காடு. டி.எச்.ஏ. என்று சுருக்கி வழங்கப்படும் இப்பொருள், மூன்று கார்பன் அணுக்களை மட்டுமே கொண்ட மிக எளிய சர்க்கரைகளுள் ஒன்று. இது சாயம் அன்று, நீரில் கரைந்த நிலையில் இதற்கென்று நிறமும் இல்லை. தோலின் மேற்பரப்பில், உயிரற்ற செல்கள் செதில்செதிலாக அடுக்கி அமைந்த மெல்லிய புற அடுக்கிலுள்ள புரதங்களின் அமினோ அமிலங்களோடு இச்சர்க்கரை வினைபுரிந்து, மெலனாய்டின் எனப்படும் பழுப்புப் பொருள்களை அங்கேயே உண்டாக்குகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார் 1912-இல் விளக்கியதும், அவர் பெயராலேயே மையார் வினை என்று வழங்கப்படுவதுமான இவ்வினைதான் தோசையின் அடிப்புறத்தையும் ரொட்டியின் மேலோட்டையும் முறுகலான பொன்னிறமாக்குகிறது. தோலில் அது வெப்பமின்றி மெதுவாக நடக்கிறது. தெளித்த சில மணி நேரத்தில் நிறம் தெரியத் தொடங்கி, ஏறத்தாழ 8 மணி நேரத்தில் பெரும்பகுதி ஏறி, ஒரு நாளில் முழுமை அடைகிறது. புற அடுக்கு உதிர உதிர அதனோடு சேர்ந்து நிறமும் உதிர்வதால், 5 முதல் 7 நாள்களில், சிலருக்கு 10 நாள்களில், அது மங்கி மறைகிறது.

இப்பண்பு தற்செயலாகவே கண்டறியப்பட்டது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1950-களில் ஈவா விட்கன்ஸ்டைன் என்னும் ஆய்வாளர், கிளைக்கோஜன் சேமிப்பு நோய் என்னும் பிறவிக் குறைபாடுடைய குழந்தைகளுக்கு டி.எச்.ஏ.-வை வாய்வழியாகக் கொடுத்து ஆராய்ந்து வந்தபோது, அது சிந்திய இடத்தில் துணியில் கறை படியாமல் தோல் மட்டும் பழுப்பாவதைக் கவனித்தார். அக்கவனிப்பிலிருந்தே 1960 வாக்கில் இப்பொருளைக் கொண்ட பூச்சுகள் விற்பனைக்கு வந்தன.

தொழில்முறைக் கரைசல்கள் பெரும்பாலும் 6, 8, 10, 12, 14 என்னும் விழுக்காடுகளில் கிடைக்கின்றன. அதற்கு மேற்பட்டவையும் விற்கப்படுகின்றன. இவ்வெண்களை ஒரு நிற அட்டையின் படிகளாகக் கருதி, 6 என்றால் இளம்பழுப்பு, 12 என்றால் கரும்பழுப்பு என்று எண்ணிவிடுவது எளிது; ஆனால் எண் குறிப்பது தோலுக்கு வழங்கப்படும் சர்க்கரையின் அளவை மட்டுமே, அதிலிருந்து எழும் நிறத்தையன்று. எழும் நிறம் மெலனாய்டினின் நிறமும் அதன் அடியில் தெரியும் தோலின் நிறமும் சேர்ந்த ஒன்று. மெலனாய்டினின் பழுப்பு, தோலின் இயற்கை நிறமியாகிய மெலனினின் பழுப்பை முழுவதும் ஒத்ததன்று. அதில் மஞ்சள் சாயல் சற்றுத் தூக்கலாக இருக்கும். ஓரளவு மெலனின் உள்ள தோலில் அச்சாயல் அடிநிறத்தோடு கலந்து அடங்கிவிடுகிறது. மெலனின் மிகக் குறைந்த தோலிலோ அது கலப்பதற்கு அடியில் எதுவும் இல்லாததால், அளவு சற்று மிகுந்தாலும் ஆரஞ்சு நிறமாகத் தனித்து நிற்கிறது. ஒரே 12 விழுக்காட்டுக் கரைசல் ஒலிவ நிறத் தோலுடைய ஒருவருக்கு இயல்பான பழுப்பையும், செம்முடியும் பால் போன்ற தோலும் உடைய மற்றொருவருக்கு எவரும் திரும்பிப் பார்க்கும் ஆரஞ்சையும் தருவது இதனாலேயே. அங்கே கரைசலில் குறையில்லை, தேர்விலேயே குறை.

தோலை வகைப்படுத்துவதற்குப் பெரும்பாலான பயிற்சிக் கூடங்கள் கற்பிப்பது, ஹார்வர்டின் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் வகுத்த அளவுகோலை. வெயில் பட்டால் தோல் என்ன ஆகிறது என்பதைக் கேட்டு வகை பிரிக்கும் அம்முறையில், எப்போதும் வெந்து சிவந்து ஒருபோதும் பழுப்பாகாத தோல் முதல் வகை. எளிதில் வெந்து மிகச் சிறிதே பழுப்பாவது இரண்டாம் வகை. ஆறாம் வகை மிகக் கருமையான தோல். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் மிகுதியாகக் காணப்படும் செம்முடியினர், எம்.சி.1.ஆர். என்னும் மரபணுவின் மாறுபாட்டால் பழுப்பு நிறமிக்கு மாறாகச் செம்மஞ்சள் நிறமியை மிகுதியாக உண்டாக்குபவர்கள் என்பதால், அவர்களுள் பெரும்பாலோர் முதல் வகையில் அடங்குவர். முதல் வகைக்கு 6, இரண்டாம் வகைக்கு 6 முதல் 8 என்பது தொழிலில் நிலைபெற்ற நல்ல வழக்கம். இரண்டாம் வகையினர் சிலர் ஏற்கெனவே பலமுறை தெளித்துக்கொண்டு அதன் விளைவு அறியப்பட்டிருந்தால் 10 வரை செல்லலாம். அதற்கு மேல் செல்ல வேண்டிய தேவை வெளிர் தோலுக்கு வருவது மிக அரிது.

ஆயினும் வகை எண்ணோடு தேர்வு முடிந்துவிடுவதில்லை. கருமையையும் சிவப்பையும் நோக்கிப் படிப்படியாக அமைந்த நிற வேறுபாடுகளைக் கண்டு வளர்ந்த தமிழ்க் கண்ணுக்கு, ஐரோப்பிய வெளிர் தோல்கள் அனைத்தும் முதலில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். அவற்றுள் ரோஜா நிறம் ஓடுவது, தந்த நிறமாக வெளுத்திருப்பது, மெல்லிய மஞ்சள் படர்ந்தது என்னும் வேறுபாடுகளைப் பழகிப் பார்த்துத்தான் கற்க வேண்டியிருக்கிறது. வெள்ளை டிஷ்யூத் தாள் ஒன்றை வாடிக்கையாளரின் மார்பருகே, சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், தனியே பார்க்கும்போது வெறும் வெளுப்பாகத் தெரிந்த தோலின் உள்நிறம் தாளின் வெண்மைக்கு எதிரே தெளிவாக வெளிப்படும். முகத்தை வைத்து இதை முடிவு செய்யாதிருப்பது நல்லது. கன்னத்தின் செம்மை, ஒப்பனை, காற்றிலும் குளிரிலும் ஏற்பட்ட நிறமாற்றம் ஆகியவை கண்ணை ஏமாற்றும்.

இவ்வுள்நிறத்தை ஒட்டியே கரைசலின் அடிச்சாயல் தேர்ந்தெடுக்கப்படுகிறது. பெரும்பாலான கரைசல்களில், எங்கெங்கே தெளித்தாயிற்று என்று கலைஞருக்குக் காட்டுவதற்காக, உடனே கண்ணுக்குத் தெரியும் ஒரு வழிகாட்டு நிறமும் சேர்க்கப்பட்டிருக்கும். அதில் பச்சைச் சாயல் இருந்தால் தோலின் செம்மையைத் தணிக்கும் என்றும், ஊதாச் சாயல் இருந்தால் மஞ்சளையும் ஆரஞ்சையும் தணிக்கும் என்றும் கொள்ளப்படுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வழிகாட்டு நிறம் முதல் குளியலோடு பெரும்பகுதி கழுவப்பட்டுப் போய்விடுவதால், விழுக்காடு மிகுந்துவிட்ட தவற்றை அடிச்சாயல் எதுவும் திருத்தாது. 12 விழுக்காட்டுக் கரைசலில் ஊதாச் சாயல் இருப்பதைக் காரணமாகக் காட்டி முதல் வகைத் தோலுக்கு அதைப் பரிந்துரைக்கும் விற்பனைப் பேச்சைக் கலைஞர்கள் ஏற்காதிருக்க வேண்டும். சில கரைசல்களில் டி.எச்.ஏ.-வோடு எரித்ருலோஸ் என்னும் நான்கு கார்பன் சர்க்கரையும் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. அது மெதுவாக, ஓரிரு நாள்களில், சற்றே செம்மை கலந்த நிறத்தைத் தருவதால், மஞ்சள் தூக்கலாகத் தெரியும் தோலுக்கு அத்தகைய கலவை பயன்படும்.

விழுக்காட்டைப் போலவே முடிவைத் தீர்மானிக்கும் வேறு இரண்டும் உண்டு: எவ்வளவு தெளிக்கப்படுகிறது என்பதும், எவ்வளவு நேரம் தோலில் விடப்படுகிறது என்பதும். முழு உடலுக்கு ஒரு படலம் தெளிக்க ஏறத்தாழ 60 மில்லிலிட்டர் செலவாகிறது என்று கொண்டால், 8 விழுக்காட்டில் உடலின் மேல் சேரும் டி.எச்.ஏ. 4.8 கிராம், 12 விழுக்காட்டில் 7.2 கிராம், ஆனால் 8 விழுக்காட்டை இரண்டு படலமாகத் தெளித்தால் அது 9.6 கிராமாகி, 12-ஐயே மிஞ்சிவிடுகிறது. மென்மையான புட்டியை எடுத்துவிட்டோம் என்னும் துணிவில் கையைத் தாராளமாக ஓட்டுவதால் நேரும் பிழை இது. வெளிர் தோலுக்கு ஒரே படலம், தெளிப்புத் துப்பாக்கியைச் சீரான தொலைவில் பிடித்து, ஒரே வேகத்தில், ஈரம் துளியாகத் திரளாதபடி தெளிக்கப்படுவதே போதும். விட்டுப்போன இடத்தைக் கண்டு திரும்பத் திரும்பத் தெளிப்பதைவிட, முதல் ஓட்டத்திலேயே வரிசை தவறாமல் செல்வது மேல்.

கையிலுள்ள புட்டிகளுக்கு இடைப்பட்ட விழுக்காடு தேவைப்பட்டால் கலந்துகொள்ளலாம், கணக்கு எளியது. 6 விழுக்காட்டுக் கரைசலில் 40 மில்லிலிட்டரும் 12 விழுக்காட்டுக் கரைசலில் 20 மில்லிலிட்டரும் சேர்த்தால், இரண்டிலுமிருந்து 2.4 கிராம் வீதம் 4.8 கிராம் டி.எச்.ஏ. 60 மில்லிலிட்டரில் அமைந்து, கலவை 8 விழுக்காடாகிறது. இரு புட்டிகளும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருப்பது முக்கியம். தண்ணீர் ஊற்றி வலிமையைக் குறைப்பது கூடவே கூடாது. கரைசலின் அமிலத்தன்மையும், கெடாமல் காக்கும் பொருள்களின் அளவும், உலரும் வேகமும் அதனால் மாறிப்போகின்றன. டி.எச்.ஏ. அமிலத்தன்மையுள்ள சூழலிலேயே நிலைத்திருப்பது என்பதாலும், வெப்பத்தில் சிதைவது என்பதாலும், திறந்த புட்டியைக் குளிர்ந்த இருண்ட இடத்தில் வைத்து, குறித்த காலத்துக்குள் முடித்துவிட வேண்டும். கெட்ட கரைசல் எந்த விழுக்காட்டிலும் நல்ல நிறம் தராது.

ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி நேரத்தில் கழுவிவிடலாம் என்று விற்கப்படும் விரைவுக் கரைசல்கள் இவ்விடத்தில் தனியே கருதத்தக்கவை. அவை குறைந்த நேரத்தில் போதிய அளவு தோலில் ஏற வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் அதிக விழுக்காட்டில் செய்யப்பட்டவை. வெதுவெதுப்பான தண்ணீரில், சோப்பின்றிக் கழுவியதும் மேற்பரப்பில் எஞ்சியிருப்பது போய்விடுகிறது. அதற்குள் புற அடுக்கில் இறங்கியது அடுத்த பல மணி நேரம் தொடர்ந்து நிறம் ஏற்றுகிறது. வெளிர் தோலுடையவர் இதை மறந்து, கழுவும் நேரத்தில் கண்ணாடியில் தெரிந்த மெல்லிய நிறத்தைக் கண்டு ஏமாற்றமடைந்து, கழுவாமலேயே தூங்கிவிட்டால், ஒரு மணி நேரத்துக்கு அளக்கப்பட்ட மருந்தை எட்டு மணி நேரம் உட்கொண்டதற்கு ஒப்பான விளைவு காலையில் காத்திருக்கும். எனவே முதன்முறை வரும் வெளிர் தோலினருக்கு விரைவுக் கரைசலைத் தவிர்த்து, இரவு முழுதும் தோலில் விடப்படும் 6 விழுக்காட்டுக் கரைசலைத் தெளிப்பதே பாதுகாப்பானது.

ஒவ்வாமை உண்டா என்று அறிவதற்காகத் தெளிப்புக்கு ஒரு நாளோ இரண்டு நாள்களோ முன்பு தோலின் ஒரு சிறு பகுதியில் தடவிப் பார்க்கும் சோதனை கலைஞர்கள் அனைவரும் அறிந்ததே. அதே சோதனையை நிறச் சோதனையாகவும் ஆக்கிக்கொள்வது வெளிர் தோல் விஷயத்தில் பெரிதும் கைகொடுக்கும். உள்ளாடையின் விளிம்புக்குக் கீழே, இடுப்பின் பக்கவாட்டில், தடித்த அட்டையில் வெட்டிய சதுரத் துளை ஒன்றின் வழியாக 6 விழுக்காட்டையும், இரண்டு விரல் இடைவெளி விட்டு 8 விழுக்காட்டையும் தெளித்து, எது எது என்று அட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் குளித்தபின், மஞ்சள் விளக்கின் கீழன்றிப் பகல் வெளிச்சத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் நின்று பார்க்கும்போது, சதுரத்தின் விளிம்பு தோலிலிருந்து மென்மையாகப் பிரிந்து, நடுப்பகுதி வெயில் பட்ட தோல் போலவே இருந்தால் அவ்விழுக்காடு தோலுக்கு ஏற்றது. சதுரம் ஒட்டவைத்த துண்டு போல மஞ்சளாகத் துருத்தித் தெரிந்தால் அது மிகுதி. நான்காம் ஐந்தாம் நாள் மீண்டும் பார்ப்பது இன்னும் பயனுள்ளது, ஏனெனில் மிகுதியாக ஏற்றப்பட்ட நிறம் மங்கும்போதுதான், சீராகக் குறையாமல் திட்டுத்திட்டாக உடைந்து, வெளிர் தோலில் அழுக்குப் போலக் காட்சியளிக்கிறது. இரு சதுரங்களையும் வாடிக்கையாளரே தம் உடலில் பார்த்துவிட்டால், விழுக்காட்டைப் பற்றிய வாக்குவாதத்துக்குத் தேவையே எழுவதில்லை.

முழங்கை, முழங்கால், கணுக்கால், பாத விளிம்பு, விரல் மூட்டு ஆகிய இடங்களில் புற அடுக்கு தடித்தும் வறண்டும் இருப்பதால் அவை அதிகக் கரைசலை உறிஞ்சும் என்பதும், அங்கே தடுப்புக் கிரீமை மெல்லத் தடவ வேண்டும் என்பதும் எல்லாத் தோலுக்கும் பொது. வெளிர் தோலில் மட்டும் அத்தவறு பத்தடி தூரத்திலிருந்தும் தெரியும். வெளுத்த அல்லது பொன்னிறப் புருவங்களும் நெற்றி மயிரோரமும் நிறம் பிடிக்கக்கூடியவை ஆதலால் அங்கும் கிரீம் தேவை. சூரியப் புள்ளிகள் என்று சொல்லப்படும் தவிட்டு நிறப் புள்ளிகள் தெளிப்பில் மறைவதில்லை, அவையும் கூடவே கருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தோலை ஒரு நாள் முன்பே மழித்து, இறந்த செல்களைத் தேய்த்து நீக்கி, தெளிப்பு நாளில் எண்ணெய், மாய்ஸ்சரைசர், வாசனைத் திரவியம், டியோடரண்ட் எதுவும் இன்றி வருமாறு கேட்பது, விழுக்காட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு நிகரான முக்கியத்துவம் உடையது.

வாடிக்கையாளர் அழுத்தமான நிறமே வேண்டும் என்று வற்புறுத்தும்போது என்ன செய்வது என்பதே கடினமான பகுதி. தம் பணத்துக்குத் தெரியத்தக்க பலன் வேண்டும் என்று அவர் எண்ணுவது இயல்பு. அதை அலட்சியம் செய்வதும், வெளுப்பை விரும்பிக் கிரீம் தேடும் ஊரிலிருந்து வந்தவர் பழுப்பை விரும்புபவரைப் பார்த்து உள்ளூர வியப்பதும் பணிக்கு உதவாதவை. அவருடைய விருப்பத்துக்குப் பின்னால், பள்ளி நாளிலிருந்து வெளுத்த கால்களுக்காகக் கேலி செய்யப்பட்ட வருத்தம் இருக்கக்கூடும். இங்கே கலைஞர் செய்யத்தக்கது, 6 விழுக்காட்டில் தொடங்கி, தேவையானால் ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடியும் அதே மென்மையான கரைசலைத் தெளித்து, நிறத்தைப் படிப்படியாக ஏற்றுவது; ஏற்றிய நிறத்தை மேலும் கருக்கச் செய்வது எளிது, இறக்குவதோ உதிரும்வரை காத்திருப்பதும் தேய்த்துப் புண்ணாக்குவதும் அன்றி வேறு வழியற்றது.

இத்தேர்வு வெறும் அழகுப் பிரச்சினை அன்று என்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. புற ஊதாக் கதிரால் தோலைப் பழுப்பாக்கும் சன்பெட் கருவிகளை, உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்னும் முதல் தொகுதியில் சேர்த்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயதுக்கு உட்பட்டோர் வணிக நிலையங்களில் அவற்றைப் பயன்படுத்துவது 2011 முதல் தடை செய்யப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் வணிகச் சன்பெட்டுகள் 2015 தொடக்கத்திலிருந்து முற்றிலும் தடை செய்யப்பட்டன. அக்கதிரால் மிக எளிதில் கேடுறுவது முதல் வகைத் தோலே. ஒருமுறை ஆரஞ்சாகித் திட்டுத்திட்டாக மங்கிய தெளிப்பைக் கண்டு மனம் கசந்த அத்தகைய ஒருவர், இது எனக்கு ஒத்துவராது என்று முடிவு செய்து கடற்கரைக்கோ சன்பெட்டுக்கோ திரும்பினால், தவறான புட்டியை எடுத்த கை அதில் ஒரு பங்கு பெறுகிறது. தெளிப்பால் வந்த பழுப்பு வெயிலிலிருந்து குறிப்பிடத்தக்க காப்பு எதுவும் தருவதில்லை என்பதையும், சன்ஸ்கிரீன் வழக்கம்போலத் தேவை என்பதையும், பழுப்பேறிய தோற்றத்தைக் கண்டு ஏமாறக்கூடிய இவ்வாடிக்கையாளர்களுக்குத்தான் மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஆணையத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியல் குழு, பூச்சுகளில் 10 விழுக்காடு வரையிலும் தெளிப்பு அறைகளில் 14 விழுக்காடு வரையிலும் டி.எச்.ஏ. பயன்படுவது நுகர்வோர் நலத்துக்குக் கேடன்று என 2010-இல் கருத்துரைத்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமோ அதை வெளிப்பூச்சு நிறப்பொருளாக மட்டுமே ஏற்று, கண், உதடு, மூக்கின் உட்புறம் ஆகியவற்றில் படுவதையும் மூச்சோடு உள்ளே செல்வதையும் தவிர்க்க அறிவுறுத்துகிறது. கண் மறைப்பு, மூக்கு வடிகட்டி, உதட்டுக் களிம்பு ஆகியவற்றை வாடிக்கையாளருக்குத் தவறாமல் தரும் கலைஞர்கள், நாள் முழுதும் அதே புகைமூட்டத்தில் நிற்கும் தங்கள் மூச்சை மறந்துவிடுகிறார்கள். உறிஞ்சு விசிறியும் முகக்கவசமும் அவர்களுக்கே முதலில் வேண்டும்.

வெண்புள்ளி எனப்படும் விட்டிலிகோ உடையவர்களும் இதே கரைசலை நாடி வரக்கூடும். அவர்களுள் தமிழரும் இருப்பர். நிறமி இழந்த இடத்தில் மட்டும் நிறம் ஏற்றிச் சுற்றியுள்ள பழுப்போடு பொருத்துவது அவர்களுக்கு வேண்டியது என்பதால், அங்கே மென்மையான கரைசலைச் சிறு தூரிகையால் பல நாள்கள் அடுத்தடுத்துத் தடவிப் பொருத்தம் காண்பதே முறை; அதை அவர்களுடைய தோல் மருத்துவரின் இசைவோடு செய்வது நன்று.

பல புட்டிகளின் முகப்பில் விழுக்காடு அச்சிடப்படாமல் இளம், நடுத்தரம், அடர் என்னும் சொற்களே காணப்படுகின்றன. ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் மற்றொன்றின் அடராக இருக்கக்கூடும் என்பதால், விழுக்காட்டைச் சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதிருப்பது கலைஞர்கள் அனைவரும் சேர்ந்து எடுக்கத்தக்க முடிவு. அதோடு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பதிவு அட்டை வைத்து, தோல் வகை, உள்நிறம், தெளித்த விழுக்காடு, மில்லிலிட்டர், படலங்கள், கழுவிய நேரம் ஆகியவற்றோடு, ஐந்தாம் நாள் நிறம் எப்படி மங்கியது என்று தொலைபேசியில் கேட்டறிந்து அதையும் எழுதிவைத்தால், தம் மணநாளுக்கு முன் அதே வாடிக்கையாளர் மீண்டும் வரும்போது எந்தப் புட்டியை எடுப்பது என்று அட்டையே சொல்லிவிடும். முதல் அட்டையில் 6 என்று இருந்து, மங்கியவிதம் சீராக இருந்திருந்தால், மணநாளுக்கு இரண்டு நாள் முன்பு அதையே மறுபடி தெளிக்கலாம்.